இல்லாத கவிஞனுக்கு நாலு வாத்தியம்

கடைசி வரிசையில் மார்னி லிண்ட்னர் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள்கள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. மேடையில் நான்கு பேர் வாசித்துக்கொண்டிருந்த இசையை எழுதியவளே அவள்தான்.

முன்வரிசையிலிருந்து திரும்பிய கிளைவ் பாஸ்கோ இதைப் பார்த்துவிட்டார். சட்டென்று அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ரோண்டா, பின்னாடி பாரு. சிரிக்கிறா," என்றார் மனைவியின் காதில்.

"யாரு?"

"மார்னிதான். நம்மள உட்கார வெச்சு முட்டாளாக்கிட்டு, சிரிப்ப அடக்க முடியாம தவிக்கிறா."

"எனக்கு நல்லாத்தான் இருக்கு கிளைவ். பேசாம கேளு."

அடிலெய்டில் இசை விமர்சனம் என்றால் கிளைவ்தான். எந்தப் புது முயற்சியையும் அவர் சந்தேகத்தோடுதான் அணுகுவார். அதற்குக் காரணம் இருந்தது.

அவருடைய அப்பா ஒரு கவிதைப் பத்திரிகை நடத்தியவர். பேராசிரியர்கள் இருவர் ஒருநாள் பீர் குடித்துக்கொண்டே, விதைக் கடை விளம்பரத்திலிருந்தும் டிராம் கால அட்டவணையிலிருந்தும் வரிகளை வெட்டி ஒட்டிக் கவிதை என்று அவருக்கு அனுப்பினார்கள். எழுதியவர் ஆல்பி குவில் என்ற ஆடு மேய்ப்பவர், வறுமையில் செத்துப்போனார் என்று ஒரு கதையும் கட்டினார்கள். அப்பா உருகிப்போய்ச் சிறப்பிதழே போட்டார். மறுமாதம் பேராசிரியர்கள் உண்மையைப் போட்டு உடைத்தார்கள். ஊரே சிரித்தது.

கறிக்கடைக்காரன்கூடப் பொட்டலம் மடிக்கும்போது, "என்ன சார், புதுக் கவிதை ஏதும் வந்துதா?" என்பான். அப்பா டிராம் ஏறி வேறு பேட்டைக்குப் போய்க் கறி வாங்க ஆரம்பித்தார்.

அந்த ஆல்பி குவில் கவிதைகளை வைத்துத்தான் மார்னி இந்த இசையை எழுதியிருந்தாள். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. மூன்றாவது பகுதியில் மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக அடங்கிப்போக, செல்லோ மட்டும் ஒரே சுரத்தில், துருப்பிடித்த கதவு மாதிரிக் கிறீச்சிட்டது. பிறகு நீண்ட மௌனம். மறுபடியும் கிறீச்.

கிளைவுக்கு, கறிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, டிராமில் யார் முகத்தையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த அப்பா நினைவுக்கு வந்தார். கண் நனைந்தது. அதில்தான் அவர் பயந்துபோனார். யாராவது கவனிக்கிறார்களா என்று திரும்பியபோதுதான் மார்னி கண்ணில் பட்டாள்.

வாசிப்பு முடிந்தது. ஒருவரும் கை தட்டவில்லை. நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த பெவர்லி, மார்னியை மேடைக்கு அழைத்து நிறுத்தி, "யாராச்சும் ஏதாவது கேக்கணுமா?" என்றாள்.

கிளைவ் எழுந்தார்.

"கேள்வி இல்ல, பாராட்டு. கதவு கிறீச்சிடுற சத்தத்துக்கு நாங்க கண்ணீர் விடணும், மறுமாசம் நீ பத்திரிகையில உண்மையச் சொல்லிச் சிரிக்கணும். இதானே மார்னி உன் திட்டம்? ஆல்பி குவில் பேருலயே இன்னொரு ஏமாத்து. ஆனா ஒரு பாஸ்கோவ ரெண்டாவது தடவ ஏமாத்த முடியாது."

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், கூரை அதிரச் சிரிப்பு. இவ்வளவு நேரமும் நெஞ்சில் கை வைத்துக் கண் மூடியிருந்த ஒருவர், "எனக்கு ரெண்டாவது பகுதியிலயே சந்தேகம்தான்," என்று பக்கத்து நாற்காலிக்குச் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

செல்லோக்காரர் மட்டும் தலை நிமிராமல் வில்லின் முறுக்கைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

பெவர்லி மார்னியைக் கட்டிப்பிடித்தாள். "அடி கள்ளி, என்கிட்டகூட மூச்சு விடல பாத்தியா. இத அப்படியே மெல்பர்ன் நகைச்சுவை விழாவுக்குக் கொண்டு போறோம்."

மார்னி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கைத்தட்டல் நிற்கவில்லை. வாயை மூடிக்கொண்டு, குனிந்து வணங்கினாள்.

வெளிக்கூடத்தில் வைனும் சாசேஜ் ரோலும் சுற்றிக்கொண்டிருந்தன. கிளைவின் கையைக் குலுக்க வரிசையே நின்றது. அப்பா போய்ச் சேர்ந்த இடத்தில் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார் என்று அவருக்குத் தோன்றியது.

"நான் கார்ல இருக்கேன். உன் திறமைய மெச்சி முடிச்சுட்டு வா," என்று சொல்லிவிட்டு ரோண்டா போய்விட்டாள்.

கூட்டம் கலைந்தபின் மார்னி மெதுவாக அவரிடம் வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"சிரிச்சுச் சிரிச்சே கண்ணு செவந்துபோச்சா?" என்றார் கிளைவ். ஜெயித்தவருக்குரிய தாராளத்தோடு அவள் தோளைத் தட்டினார். "வருத்தப்படாத. ரொம்பப் பிரமாதமாத்தான் பண்ணியிருந்த. வேற எவனா இருந்தாலும் விழுந்திருப்பான்."

"எந்த எடத்துல கண்டுபிடிச்சீங்க?"

"மூணாவது பகுதி. மத்தவங்க எல்லாம் நிறுத்தினதும் செல்லோ தனியா கிறீச்சிடுமே, அங்க."

மார்னி கையிலிருந்த கோப்பையை மேசைமேல் வைத்தாள்.

"நான் இதுவரைக்கும் எழுதினதுலயே, அது ஒண்ணுதான் நல்லா வந்திருக்குன்னு நெனச்சேன்."