கிள்ளான் ரயில் போகாத நாள்

கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் தண்டவாளம் வெள்ளத்தில் மூழ்கிவிட்டதால், நாகப்பட்டினக் கப்பலைப் பிடிக்க ஈப்போவிலிருந்து தனியாக வந்த செங்கமலம் கோலாலம்பூரிலேயே இறங்க வேண்டியதாயிற்று. மழைக்கு ஒதுங்க, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் ஒரு கதவைத் தட்டினாள்.

திறந்தவன், "மழையிலே எங்கே போய்ட்டே, செங்கமலம்? புள்ள பசியிலே கத்துது," என்றான்.

"யாருண்ணே நீங்க? எனக்குக் கல்யாணமே ஆகலையே!"

பக்கத்து வீட்டு மாரியாயி எட்டிப் பார்த்தாள். "இன்னும் கோவம் தீரலையா? உள்ளே போ லா, தங்கச்சி."

செங்கமலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். அதற்குள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஏறியிருந்தது.

வீட்டுக்குள் குழந்தை வீறிட்டது. மழையில் நனைந்து சில்லிட்டிருந்த அவள் ரவிக்கை, மார்பருகே வெதுவெதுவென்று நனையத் தொடங்கியது.