இரும்புப் பட்டை கிடந்த இடம்

"அந்த மஞ்சள் கல்லை நீங்க கண்ணால பார்த்தீங்களாம்மா?"

தங்கம் தேடிக் கிளம்பியிருந்த ஆரின், கெசியா கொடுத்த காபியைத் தொடவே இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாகாணம் முழுக்க அந்தக் கதையைக் கேட்காத ஆள் கிடையாது. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், மாட்டு வண்டிகளில் மேற்கே குடியேற வந்தவர்கள் வறண்ட காட்டில் வழி தவறினார்கள். ஏதோ ஓர் ஓடையில் பிள்ளைகள் வாளி நிறையக் கல் பொறுக்கினார்களாம். தங்கம் என்று தெரியாமல் கொட்டிவிட்டு வந்தார்களாம். அன்று வந்தவர்களில் இந்தப் பக்கம் மிச்சமிருப்பவள் கெசியா ஒருத்திதான்.

"பார்த்தேனே. சுத்தியலால தட்டினா உடையல தம்பி. தட்டையாச்சு."

"அப்பவுமா விட்டுட்டு வந்தீங்க?"

"பசியில கிடந்தவளுக்குக் கல் எதுக்கு?"

"சரி, இடம்?"

"தெரிஞ்சா நானே போயிருப்பேனே. ரெண்டு தடவை தேடிட்டுத் திரும்பி வந்தேன். ஒரே அடையாளம்தான். வழியில செத்த ஒருத்தரை அங்க புதைச்சாங்க. வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டையை வட்டமாப் போட்டு, நடுவுல கல்லைக் குவிச்சிருக்கும். அதுக்குப் பக்கத்துலதான் தங்கம். கண்டுபிடிச்சா எனக்கு வந்து சொல்லணும். பங்கெல்லாம் வேண்டாம்."

பங்கு வேண்டாம் என்கிற மனுஷியை ஆரின் அதுவரை பார்த்ததில்லை. யோசித்துக்கொண்டே கழுதையை ஓட்டிக்கொண்டு போனான்.

இலை உதிரும் காலத்தில் திரும்பி வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கழுதை இல்லை.

"பட்டை கிடைச்சுது. துருப்பிடிச்சு, பாதி மண்ணுக்குள்ள."

கெசியா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள். "கல்லெல்லாம் அப்படியே இருக்கா? ஓநாய் கீநாய் தோண்டலையே?"

"தோண்டல. அதை விடுங்க. ரெண்டு மாசம் ஓடையைச் சலிச்சேன். ஒரு பொட்டுக்கூட இல்ல."

"அங்க நிழல் இருக்கா?"

"ஒரு மரம் வளர்ந்திருக்கு. என்னம்மா நீங்க, தங்கத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேட்க மாட்டேங்கிறீங்க? உங்க பேச்சை நம்பி எனக்கு முன்னாலயே பத்துப் பேர் போயிருக்காங்க."

அவள் ஒரு தாளையும் பென்சிலையும் அவன் முன்னால் வைத்தாள். "வழியை வரைஞ்சு குடுத்துடு."

எரிச்சலோடுதான் வரைந்தான். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோ தம்பி, அந்தத் தங்கக் கதையைக் கிளப்பிவிட்டதே நான்தான். என் ஆறு வயசு மகளோட குழியைத் தேடித் தாங்கன்னு அஞ்சு வருஷம் ஊர் ஊராக் கெஞ்சினேன், ஒருத்தரும் கிளம்பல."