மாடத்தில் சிரிக்காதவள்

"அந்தப் பொண்ணு இன்னும் சிரிக்கலை" என்றான் மெனெகோ, மேடையிலிருந்து உள்ளே வந்ததும்.

"எந்தப் பொண்ணு?" என்று கேட்டான் நாடக முதலாளி ஸனோட்டி.

"அல்விசே பிரபுவோட மக. முதல் மாடத்துல, நகைக்கடையையே கழுத்துல மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா பாரு."

ஸனோட்டி திரையை விலக்கிப் பார்த்தான். திருவிழா மாதம், வெனிஸ் நகரமே முகமூடி போட்டிருந்தது. படகோட்டி முதல் பிரபு வரை எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் மட்டும் முகமூடி இல்லாமல் கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

"பணத்திமிரு" என்றாள் நாயகி வேடம் கட்டியிருந்த பெத்தீனா, நழுவிய டோப்பா முடியைப் பிடித்துக்கொண்டு. "பணக்காரனை விட்டுட்டு ஏழையைக் கட்டிக்கிற கதை. அவளுக்கு எப்படி இனிக்கும்?"

"விளையாட்டில்லை, மெனெகோ அண்ணே" என்றான் ஸனோட்டி. "அரங்கமே பிரபுவோடது. உன் வேஷத்துக்குப் பொலோஞாவிலிருந்து ஒரு சின்னப்பய வந்து காத்துக்கிட்டிருக்கான். அவர் வீட்டு ஆளுங்களுக்குப் பிடிக்கலேன்னா அடுத்த வருஷம் நீ வீட்டுலதான்."

மெனெகோ திரை இடுக்கு வழியே மாடத்தைப் பார்த்தான். கருமித் தகப்பன் வேடம் போட்டே தலை நரைத்தவன். வேறு பிழைப்புத் தெரியாது.

அடுத்த காட்சியில் மகளைக் கிழட்டுப் பணக்காரனுக்குப் பேசி முடிக்க வேண்டும். பாட்டின் நடுவே வாத்தியங்கள் ஓய்ந்தபோது, அவன் நேராக அந்த மாடத்துக்குக் கீழே போய் நின்றான்.

"ஏம்மா வைரக்கல்லு, உங்கப்பா எல்லாம் வாங்கிக் குடுத்தாரே, சிரிப்பு மட்டும் கடையில கிடைக்கலையா?"

அரங்கம் அதிர்ந்தது. பிரபுதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். பெண்ணின் கை கழுத்து நகைமேல் போய் நின்றது. அவ்வளவுதான்.

மெனெகோவுக்கு எரிச்சல் ஏறியது.

"பொண்ணு கேட்டு வர ஒருத்தனும் இல்லையோ? நான் வேணா வரட்டுமா?"

ஜனங்கள் பெஞ்சைத் தட்டினார்கள். அவளோ அவனைப் பார்க்கவே இல்லை. மேடை ஓரத்தில் கைகோத்து நின்ற காதலர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் காட்சி. கருமித் தகப்பன் மனம் மாறி, "காசில்லாட்டி என்னடா? அவ உன்னைத்தானே கேக்குறா, கூட்டிக்கிட்டுப் போ" என்று மகளின் கையை ஏழைப் பையனிடம் கொடுத்தான். பிரபு கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரை விழுந்ததும் அவரே உள்ளே வந்து மெனெகோவைக் கட்டிக்கொண்டார்.

"அந்தத் தகப்பன் இறங்கி வர்ற இடம் இருக்கே, அழ வச்சிட்டியேய்யா. அடுத்த வருஷமும் இந்த வேஷம் உனக்குத்தான்."

மெனெகோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எசமான், உங்க மகளைக் கொஞ்சம் அதிகமாச் சீண்டிட்டேன். கோவிச்சுக்கிட்டாங்களோ?"

"ஓர்சேத்தாவா? அவ கோபத்தை யாரு பார்க்கப் போறா? நாளைக் காலையில கன்னியர் மடத்துல விடுறோம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை நகையெல்லாம் பூட்டி, நாடகத்துக்குக் கூட்டிட்டு வந்து, ஊருக்கு முகத்தைக் காட்டணுமில்ல? நம்ம வீட்டு வழக்கமாச்சே."

"மடத்துக்கா? அவங்களே ஆசைப்பட்டாங்களா, எசமான்?"

"ஆசையா? எவனோ பிடில்காரனைக் கட்டிக்குவேன்னு நின்னா." நல்ல வேடிக்கை சொன்னவர்போல அவர் மெனெகோவின் முதுகில் தட்டினார். "ரெண்டு பொண்ணுக்கும் சீதனம் குடுத்தா வீடு தாங்குமா? அந்த நகைகூடப் பெரியவளோடது. இந்நேரம் கழட்டியிருப்பாங்க."

மெனெகோ வாயைத் திறந்தான். அடுத்த வருஷத்து வேஷம் கண்முன் நின்றது. வாயை மூடிக்கொண்டான்.

ஆணியில் பெத்தீனாவின் டோப்பா தொங்கியது. பிரபு அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னய்யா இது, சணல் நார் மாதிரி? தூக்கிப் போடு. நாளைக்கு மடத்துல ஓர்சேத்தா முடியை வெட்டுவாங்க. இடுப்பு வரைக்கும் இருக்கும். சொல்லி வைக்கிறேன், ஆளை அனுப்பி வாங்கிக்கோ."