கூட்டாளி சேராத பொண்ணு

கோட்டை மலையில் பறித்த சீதாப்பழத்தைப் பிட்டு, பாதியை ஆசையாக நீட்டினாள் மீனம்பாள். அமலோற்பவம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தனியாகப் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்த லூர்துமேரிக்கு மனசே விட்டுப்போயிற்று. பெற்ற மகளா இப்படி? ஒரு பச்சப்புள்ள நீட்டியதை வாங்கிக்கொள்ளக்கூடவா தெரியாது?

டீச்சர் நேற்றுத்தான் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். யாரோடும் பேசுவதில்லை, விளையாடுவதில்லை, கேள்வி கேட்டாலும் வாய் திறப்பதில்லை. இப்படியே போனால் இன்னொரு வருஷம் மூணாங்கிளாஸிலேயே உட்கார வேண்டியதுதான் என்று.

லூர்துமேரி செய்யாத வித்தையா? சிரிச்சுப் பேசு, பேரைக் கேளு, இருக்கிறதைப் பங்கு போட்டுத் தின்னு என்று தலைவாரும்போதெல்லாம் பாடம்தான். கூட்டாளிகளுக்கென்று முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்பினால், அத்தனையும் அப்படியே திரும்பி வந்தது. மாதாவுக்கு மெழுகுவர்த்திகூட ஏற்றியாயிற்று. புருஷன் காஸ்பரோ, வளர வளரச் சரியாப் போயிடும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். ஆம்பளைக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

நாலு பேரோடு ஒட்டத் தெரியாத பெண் நாளைக்கு எப்படிப் பிழைக்கும்? செஞ்சிச் சந்தையில் முன்பின் தெரியாதவர்களிடமும் கலகலவென்று பேசுகிற தன் வயிற்றில் இப்படி ஒரு ஊமைக்கோட்டான் வந்து பிறந்ததே என்று நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை முட்டியது.

சாயந்திரம் மகள் வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“பழத்த ஏண்டி வாங்கல? அவள உனக்குப் புடிக்கலியா?”

“ரொம்பப் புடிக்கும்மா.”

“அப்பறம் இன்னா? நாளைக்கு வூட்டுக்குக் கூட்டியா. அம்மா முறுக்கு சுட்டுத் தரேன்.”

அமலோற்பவத்தின் முகம் வெளிறிப்போயிற்று.

“வேணாம்மா. வந்தா தண்ணி கேப்பா.”

“கேட்டா குடுக்கறேன். நம்ம வூட்ல தண்ணிக்கா பஞ்சம்?”

குழந்தைக்கு விசும்பல் வந்துவிட்டது. தரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

“எங்கிளாஸ் சாமுண்டீஸ்வரி வூட்டுக்கு வந்தப்ப, எந்தத் தெருன்னு கேட்டுட்டு, அவளுக்கு மட்டும் தள்ளி நின்னு கையில ஊத்துன. கூட வந்த வசந்தாவுக்கு டம்ளர்ல குடுத்த. அன்னிலேந்து சாமுண்டி எங்கூடப் பேசறதே இல்ல. நீ யாருக்கு டம்ளர் தருவ, யாருக்குக் கையில ஊத்துவன்னு எனக்குத் தெரியலம்மா. அதான் யாரோடயும் சேர்றதில்ல.”