ஏழாம் நம்பர் கோழி

காப்பார் ஊரில் தெய்வானை வீட்டுக் கோழிகளிடம் மாதாமாதம் ரத்தம் எடுத்து, அந்தப் பக்கத்துக் கொசுக்கள் என்ன கிருமியைப் பரப்புகின்றன என்று பார்ப்பது ஆபீசர் சிவேந்திரனின் வேலை. இன்று ரிசல்ட்டோடு கோபமாக வந்தார்.

“அக்கா, ஏழாம் நம்பர் கோழி ரத்தத்துல போன மாசம் கிருமி பட்ட அடையாளம் இருந்துச்சு. இந்த மாசம் இல்லவே இல்ல. அது அப்படி மறையாது லா! கோழிய மாத்திட்டீங்களா?”

“நம்பர் போட்ட கால் வளையத்த மட்டும் வேற கோழிக்கு மாத்துனேன் சார்.”

“அப்போ பழைய கோழி?”

“வறுவல்.”

“ஐயோ, ஆராய்ச்சிக் கோழி அது! யார் தின்னது? ரிப்போர்ட்ல பேர் எழுதணும்!”

“எழுதுங்க சார். தீபாவளிக்கு வந்து, ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டுட்டு, வீட்டுக்கும் பொட்டலம் கட்டி தாப்பாவ் பண்ணிட்டுப் போனீங்களே... உங்க முழுப் பேரு என்ன?”