நெல் அறையில் எலிகள்

"நெல்லு எத்தினி மூட்டை கீதுன்னு பாக்காம, காபி குடிக்கவா வந்தோம்? கதவத் தொற!" பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா எல்லம்மாள் தாழ்ப்பாளைப் பிடித்து இழுக்கிறாள். மணப்பெண் இளவரசி குறுக்கே நின்று மறிக்கிறாள். "வெளிச்சம் பூந்தா என் நாப்பது நாள் ஆராய்ச்சி பாழாப் பூடும் அத்தை." உள்ளே நெல் ஏது? கல்லூரியிலிருந்து கொண்டுவந்த பெட்டை எலிகள் கும்மிருட்டில் கீச்கீச்சென்று சக்கரம் சுற்றுகின்றன. நாலு நாளைக்கொருமுறை சூலக ஹார்மோன் ஏறும்போது அவை வழக்கத்தைவிடச் சீக்கிரமே ஓடத் தொடங்கிவிடும். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நேரம் குறிக்கும் மூளைக் கடிகாரத்தின் செல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற பேச்சை அந்த ஹார்மோன் எப்படி மாற்றுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பேச்சு எப்படி மாறும் என்பதை எங்கள் தெருவில் கேட்டிருந்தால் ஒரே நாளில் சொல்லியிருப்பார்கள். எல்லம்மாள் கதவில் காதை வைத்துக் கேட்கிறாள். "நெல்லு ரூம்புல எலி வளக்கறவள இன்னிக்குதான் பாக்கறேன்!" "நல்லாப் பாத்துக்குங்க அத்தை. கதவு தொறக்காது." உத்திரமேரூர் மாலை வெயில் முற்றத்தைத் தாண்டிக் கதவின் அடியிடுக்கை நோக்கி நகர்கிறது. காபியில் ஆடை படிகிறது. பெண்ணின் அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். இளவரசி தரையில் உட்கார்ந்து, பட்டு முந்தானையைச் சுருட்டி அந்த இடுக்கில் திணிக்கிறாள். உள்ளே சக்கரம் நிற்கவில்லை. அடுத்த மாதமே மாப்பிள்ளை பக்கத்து ஊரான சாலவாக்கத்தில் நெல் மூட்டைகளை எண்ணிப் பார்த்து வேறு பெண்ணைக் கட்டினான். இளவரசி ஆராய்ச்சியை முடித்து, எலிக்கூண்டுகளோடு பெங்களூருக்குக் குடிபோனாள்.