இரண்டு மதிப்பெண் அதிகம்

செம்பாக்கத்துப் பள்ளியொன்றில், அந்தச் சனிக்கிழமை காலை, எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு அறையில் இருந்தவர்கள் ஐவர். வகுப்பாசிரியை சந்திரிகா, கணக்குத் தேர்வில் முதலிடம் பெற்ற அனுப்பிரியா, பெருங்களத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அவளுடைய தந்தை ஜெயவேலு, இரண்டாமிடம் பெற்ற சின்மயி, அவளுடைய தாய் கீதா. மற்ற பெற்றோர் வராந்தாவில் தத்தம் முறைக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுடைய காதுகள் மட்டும் அறைக்குள் இருந்தன.

காதுகளை வரவழைத்தது ஜெயவேலுவின் குரல்.

“இன்னா டீச்சர், மூணாம் பக்கத்துல பன்னெண்டு, நாலாம் பக்கத்துல எட்டு. கூட்டுனா இருபது. நீங்க இருபத்திரெண்டு போட்டுக்கீறீங்க. ரெண்டு மார்க்கு ஜாஸ்தி. கொறைங்க.”

சந்திரிகா விடைத்தாளை வாங்கிப் பார்த்தாள். பிழை உண்மைதான். பதினாறு ஆண்டுப் பணியில், அரை மதிப்பெண்ணுக்கு மல்லுக்கு நின்ற பெற்றோரை நூற்றுக்கணக்கில் கண்டவள் அவள். குறைக்கச் சொல்லி வந்தவர் இவர் ஒருவரே.

“சார், இதைச் சாவகாசமாப் பேசலாம். எல்லாரும் போனப்புறம் வாங்களேன்.”

“இன்னாத்துக்கு? இப்பவே, இங்கியே கொறைங்க.”

“குறைச்சா தொண்ணூத்தெட்டு தொண்ணூத்தாறாயிடும். சின்மயி தொண்ணூத்தேழு. ஃபர்ஸ்ட் ரேங்க் போயிடும் சார்.”

“போவட்டுமே! கடையில ஆணியக்கூட எட போட்டுத்தான் குடுக்கறேன். எடைக்கு மேல எனக்கு ஒண்ணும் வாணாம்.”

அனுப்பிரியா தன் ஷூவின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கீதாவுக்குப் பொறுக்கவில்லை. “அண்ணா, பாவம், குழந்தை மூஞ்சியைப் பாருங்க. இப்படி வர்ற ஃபர்ஸ்ட் ரேங்க் என் பொண்ணுக்கு வேண்டாம்.”

“உங்க பொண்ணுக்கு வாணாம்னா டீச்சராண்ட சொல்லுங்கக்கா. என் பொண்ணு விஷயத்த நான் பாத்துக்கறேன்.”

“எங்க வீட்டுக்காரர் எவ்வளவோ தேவலை!” என்றது வராந்தாவிலிருந்து ஒரு பெண் குரல். சிரிப்பொலி எழுந்தது.

சந்திரிகா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“சார், படிப்புல துணையா இருக்கறதுன்னா ஃபீஸ் கட்டறது மட்டும் இல்லை. குழந்தை மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். பத்துப் பேர் முன்னாடி அவளைக் கூனிக் குறுக வைக்கறீங்களே, நீங்கள்லாம் ஒரு அப்பாவா?”

ஜெயவேலு அசரவில்லை.

“திட்டி முடிச்சிட்டீங்களா? மார்க்க கொறைங்க.”

சிவப்புப் பேனா தொண்ணூற்றெட்டை அடித்துத் தொண்ணூற்றாறாக்கியது. ஜெயவேலு அதனருகில் பெரிதாக ஒரு கையெழுத்துப் போட்டார். “நான் வண்டிய எடுத்துகினு கேட்டாண்ட நிக்கறேன். நீ வா” என்று மகளிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் சின்மயி ஓடிவந்து அனுப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்கப்பா ரொம்ப மோசம்டி. நீ அழாதே. திங்கக்கிழமை லஞ்ச்சுக்கு எங்க கேங்கோட வந்து உட்காரு.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான்! எல்லார்கிட்டயும் நான் சொல்றேன்.”

சின்மயியும் கீதாவும் போனபின், சந்திரிகா அனுப்பிரியாவைக் கூர்ந்து பார்த்தாள். முதலிடத்தைப் பறிகொடுத்த பெண், பரிசு வாங்கியவளைப்போல் நின்றுகொண்டிருந்தாள்.

“என்னம்மா, உனக்கு வருத்தமே இல்லையா? பரவாயில்லை, திங்கக்கிழமை உங்கம்மாவை வரச்சொல்லு. உங்கப்பாவைப் பத்திக் கொஞ்சம் பேசணும்.”

அனுப்பிரியா வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

“அப்பாவைத் திட்டாதீங்க மிஸ். தப்பைக் கண்டுபிடிச்சது நான்தான். ரெண்டு நாளா எனக்குச் சாப்பாடே இறங்கலை. அப்பாதான், ‘நீ வாயத் தொறக்காத. எல்லார் முன்னாடியும் நான் வந்து கத்தறேன். கோவம் வந்தா என் மேல வரட்டும்’னு சொன்னாரு.”

“இதுக்கு அவர் ஏன் கத்தணும்? நீயே என்கிட்ட சொல்லியிருந்தா, போன தடவை மாதிரியே கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் உன்னைப் பாராட்டியிருப்பேனே!”

“போன டேர்ம் மார்க் ஜாஸ்தின்னு நானே வந்து சொன்னேனே மிஸ். என்னை முன்னாடி நிக்கவெச்சு எல்லாரையும் கைதட்டச் சொன்னீங்க. அப்புறம் எல்லார் பேப்பரையும் திரும்ப வாங்கிக் கூட்டிப் பார்த்தீங்க. பதினோரு பேருக்கு மார்க் குறைஞ்சுபோச்சு. அன்னிலேர்ந்து லஞ்ச்சுல என் பக்கத்துல யாருமே உட்காரலை.”

சந்திரிகா பேனாவை மூடி வைத்தாள்.

“அடுத்தது நாங்க வரலாமா மிஸ்?” என்று வாசலில் யாரோ கேட்டார்கள்.

அவள், காத்திருந்த பெற்றோரைக் கடந்து, கேட்டருகே நின்றிருந்த ஜெயவேலுவை நோக்கி நடந்தாள்.